விகான் நகரத்தின் பழைய வீடுகள் எப்படித் தப்பின, எப்படி நிற்கின்றன?

கேள்வி இதுதான்: பிலிப்பைன்ஸில் விகான் என்ற ஊரில் ஸ்பானியர் கட்டிய வீடுகள் இருநூறு வருடமாக அப்படியே நிற்கின்றன என்கிறார்களே, மற்ற ஊர்களில் எல்லாம் போய்விட்டபோது அங்கே மட்டும் எப்படி மிஞ்சின? வெளிப்பக்கம் பூசி வண்ணம் அடித்து வைத்திருக்கிறார்களா, இல்லை உண்மையிலேயே பழையதா?

சுருக்கமாகச் சொன்னால், பாதி அதிர்ஷ்டம், கால் பங்கு அந்த ஊர் வியாபாரம் படுத்துப்போனது, மீதிக் கால் பங்கு கடந்த முப்பது வருட உழைப்பு. பெரும்பாலான வீடுகள் உண்மையிலேயே பழையவை. ஆனால் "ஸ்பானியர் கட்டிய" என்பதில் எனக்கு ஒரு திருத்தம் இருக்கிறது. பழைய சுண்ணாம்புக் கட்டடங்களைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விகான், மணிலாவுக்கு வடக்கே சுமார் 400 கிலோமீட்டர் தொலைவில், இலோகோஸ் சுர் மாகாணத்தில் இருக்கிறது. 1572-ல் ஹுவான் தெ சல்செதோ என்ற ஸ்பானியத் தளபதி இங்கே வந்து ஊருக்கு வில்லா பெர்னாந்தினா என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் ஒட்டவில்லை. விகான் என்ற பெயருக்கு ஊரில் ஒரு கதை சொல்வார்கள். ஸ்பானியர் "இது என்ன இடம்?" என்று கேட்டாராம். கேட்கப்பட்டவர், கரையோரம் நின்ற சேம்பு போன்ற செடியைக் கேட்கிறார் என்று நினைத்து "பிகா, ஐயா" என்றாராம். சீன மொழியில் "அழகிய கரை" என்ற பொருளில் வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டு கதையும் ஒரு விஷயத்தைக் காட்டுகின்றன. ஸ்பானியர் வருவதற்கு முன்பே சீன வணிகர்கள் படகில் வந்து போன துறை அது.

ஊரின் வரைபடம் சந்தேகமில்லாமல் ஸ்பானிய வரைபடம்தான். நடுவில் இரண்டு சதுக்கங்கள், பிளாசா சல்செதோவும் பிளாசா பூர்கோஸும். சுற்றிலும் பேராலயம், ஆயர் மாளிகை, நகராட்சி, மாகாண அலுவலகம். அங்கிருந்து சதுரங்கக் கட்டம் போலத் தெருக்கள். ஸ்பானிய அமெரிக்காவில் எத்தனையோ ஊர்களில் இதே அமைப்பைப் பார்க்கலாம்.

வீடு வேறு கதை. தெருவில் கட்டியவர்கள், குடியிருந்தவர்கள் பெரும்பாலும் சீனத் தந்தைக்கும் உள்ளூர்த் தாய்க்கும் பிறந்த வழிவந்த வணிகர்கள். பழைய வீடுகள் நெருக்கமாக நிற்கும் அந்தப் பகுதிக்கே காசங்லாயன், அதாவது சீனர் குடியிருப்பு, என்று பெயர். இலோகோஸின் நெசவுத் துணி, அவுரிச் சாயம், புகையிலை எல்லாம் இவர்கள் கை வழியாகத்தான் போயின. பணம் சேர்ந்ததும் வீடு கட்டினார்கள். எப்படிப்பட்ட வீடு? பஹாய் நா பாத்தோ என்பார்கள், "கல் வீடு" என்று பொருள். ஆனால் விகானில் கல்லைவிடச் செங்கல்தான் அதிகம். அடிப்படை யோசனை, உள்ளூர்க் குடிசையில் இருந்து வந்தது. தரையில் ஆள் வாழ்வதில்லை, தூண் மேல் வாழ்வார்கள். ஈரம், வெள்ளம், பூச்சி எல்லாம் கீழேயே நின்றுவிடும். அந்த யோசனைக்குத்தான் ஐரோப்பியச் சுவரும் சீனத் தச்சு வேலையும் வந்து சேர்ந்தன. இலோகானோ, அதாவது இலோகோஸ் மக்களுடையது, சீனம், ஸ்பானியம் மூன்றையும் பிரித்துவிட்டால் வீடு நிற்காது. யுனெஸ்கோ 1999-ல் விகானை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது சொன்ன காரணமும் இந்தக் கலப்புதான். அந்தப் பட்டியல் கணக்கில் 25 தெருக்கள், 233 பழைய கட்டடங்கள்.

ஒரு வீட்டுக்குள் நடந்து பார்த்தால் புரியும். தெருவில் இருந்து குதிரை வண்டி நேரே நுழையும் அளவுக்கு உயரமான மரக்கதவு. அந்தப் பெரிய கதவில் ஆள் நுழைய மட்டும் ஒரு சின்னக் கதவு வெட்டியிருப்பார்கள். உள்ளே சாகுவான் என்ற வண்டிப் புரை. தரையில் பாவியிருக்கும் கனத்த கருங்கல் பலகைகளைப் பியெத்ரா சீனா என்பார்கள், சீனாவில் இருந்து கப்பலில் வந்தவை. கீழ்த்தளத்தில் நெல், புகையிலை, அவுரி, வண்டி, சரக்கு. படியேறும் வழியில் எந்த்ரேசுவேலோ என்ற இடைத்தளம், கணக்கெழுதவும் வந்தவர் காத்திருக்கவும். மேல்தளத்தில்தான் குடும்பம். பெரிய கூடம், சாப்பாட்டறை, சமையலறை, அதன் பின்னால் அசோத்தேயா என்ற திறந்த முற்றம். துணி துவைப்பது, தண்ணீர் சேமிப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் அங்கே.

சன்னல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கண்ணாடிக்குப் பதில் காபிஸ் என்ற சிப்பி. கடலில் கிடைக்கும் தட்டையான சிப்பியைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி, மரச்சட்டத்தில் கட்டம் கட்டமாகப் பொருத்துவார்கள். ஒரு சட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சதுரங்கள் இருக்கும். வெயில் அதில் பட்டுப் பால் போல உள்ளே வரும், கண் கூசாது. சட்டங்கள் சுவரின் காடியில் பக்கவாட்டில் நகரும், எனவே சன்னல் முழுவதையும் திறந்துவிடலாம். சன்னல் திண்டுக்குக் கீழே இன்னொரு சின்னத் திறப்பு, வெந்தானியா, மரக் கம்பிகளோடு. இரவில் மேல் சன்னலை மூடிவிட்டுக் கீழ்ச் சன்னலை மட்டும் திறந்து வைத்தால் காற்று தரையோடு வந்து, படுத்திருப்பவர் மேல் படும். அறைகளுக்கு நடுவே சுவரின் மேல்பகுதியில் கலாடோ என்ற துளைவேலைப் பலகை. கதவு சாத்தியிருந்தாலும் காற்று வீட்டின் ஒரு முனையில் இருந்து மறுமுனைக்குப் போகும். மின்விசிறி இல்லாத காலத்து வீடு. சித்திரை வெயிலில் உச்சிப்பொழுதில் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து பாருங்கள், தெருவுக்கும் கூடத்துக்கும் உள்ள வித்தியாசம் முதுகில் தெரியும்.

சரி, எப்படித் தப்பின?

முதல் ஆபத்து பெரிய அளவில் வந்தது 1762-ல். இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. அந்த வருடம் பிரிட்டிஷ் படை சென்னையில் இருந்து கப்பலேறிப் போய் மணிலாவைப் பிடித்தது. அதில் சென்னைச் சிப்பாய்களும் இருந்தார்கள், சிலர் திரும்பாமல் மணிலா பக்கம் காயிந்தா என்ற ஊரில் தங்கிவிட்டார்கள். மணிலா விழுந்ததும் ஸ்பானியர் கை தளர, தியேகோ சிலாங் என்பவர் விகானைக் கைப்பற்றிச் சுதந்திர ஆட்சி நடத்தினார். 1763 மே மாதம் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் மனைவி கபிரியேலா போராட்டத்தைத் தொடர்ந்தார், அதே வருடம் செப்டம்பரில் அவரையும் விகானிலேயே தூக்கிலிட்டார்கள். அப்புறம் ஊர் மெல்ல எழுந்தது. இப்போது நாம் பார்க்கும் வீடுகள் பெரும்பாலும் அதற்குப் பிந்தைய நூறு, நூற்றைம்பது வருடங்களில் எழுந்தவை.

இரண்டாவது, ஊர் பின்தங்கிப் போனது. விகானின் செல்வம் ஆற்றில் வந்தது. மெஸ்திசோ ஆறு என்று பெயர், கடலில் இருந்து படகுகள் ஊர் வரைக்கும் வரும். அந்த ஆறு மண் மூடியது. அவுரிக்கும் புகையிலைக்கும் இருந்த பழைய மவுசும் போயிற்று. வசதியான குடும்பங்கள் மணிலாவுக்கும், பிறகு அமெரிக்காவுக்கும் போனார்கள். பணம் இருக்கிற ஊரில்தான் பழைய வீட்டை இடித்து மாடி கட்டுவார்கள். விகானில் இடிக்கக்கூட யாருக்கும் அவசரம் இல்லை. இதை நல்ல விஷயம் என்று சொல்ல மனம் வரவில்லை. பூட்டிக் கிடந்த அந்த நாற்பது, ஐம்பது வருடத்தில் கூரை ஒழுகி, கரையான் ஏறி, எத்தனையோ வீடுகள் உள்ளுக்குள் வெறும் கூடாகிவிட்டன. பழம்பொருள் வியாபாரிகள் வந்து கட்டில், மேசை, கலாடோ பலகை, ஏன், தரைப் பலகையைக்கூடப் பெயர்த்துக்கொண்டு போனார்கள்.

மூன்றாவது, போர். 1945 பிப்ரவரியில் மணிலா சண்டையில் மதில் சூழ்ந்த பழைய மணிலா, அதாவது இந்த்ராமுரோஸ், தரைமட்டமானது. அங்கிருந்த ஏழு பெரிய தேவாலயங்களில் மிஞ்சியது சான் அகுஸ்தின் ஒன்றுதான். விகானில் பிறந்து பின்னாளில் நாட்டின் குடியரசுத் தலைவரான எல்பிதியோ கிரினோவின் மனைவி அலிசியா சிகியாவும் பிள்ளைகளில் மூவரும் அந்த மணிலாச் சண்டையில்தான் கொல்லப்பட்டார்கள். அலிசியாவின் குடும்ப வீடு விகானில் இன்றும் நிற்கிறது, சிகியா மாளிகை என்று அருங்காட்சியகமாக. சிகியா என்ற பெயரே சீனப் பெயர் ஸ்பானிய எழுத்தில் போய் மாறியதுதான். தலைநகரில் போன குடும்பம் சொந்த ஊரில் சுவராக மிஞ்சியிருக்கிறது, அந்தக் கூடத்தில் நிற்கும்போது எனக்கு அதுதான் தோன்றியது.

விகான் ஏன் எரியவில்லை என்பதற்கு ஊரில் ஒரு கதை உண்டு. பின்வாங்கும் ஜப்பானிய அதிகாரி ஒருவர், உள்ளூர்ப் பெண்ணோடு குடும்பம் நடத்தியவர், அவளையும் குழந்தையையும் காப்பாற்றும்படி பாதிரியாரிடம் கேட்டாராம். ஊரைக் கொளுத்தாமல் போனால் காப்பாற்றுகிறேன் என்று பாதிரியார் சொன்னாராம். காலையில் ஜப்பானியர் போய்விட்டார்கள், ஊர்க்காரர்கள் சதுக்கத்தில் அமெரிக்கக் கொடியை விரித்துவைத்துக் குண்டு விழாமல் தடுத்தார்கள் என்பார்கள். ஊரில் எந்த வயதுக்காரரிடம் கேட்டாலும் இதைச் சொல்வார்கள், ஒவ்வொருவர் சொல்வதிலும் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். ஊர் எரியாமல் தப்பியது மட்டும் கண்முன் நிற்கிற உண்மை.

ஆக 1990 வாக்கில் நிலைமை என்ன? வீடுகள் இருக்கின்றன, ஆட்கள் இல்லை. 1990-களின் நடுவில் வந்த நகராட்சித் தலைமை இதை ஊரின் பிழைப்பாகவே பார்க்கத் தொடங்கியது. 1997-ல் நகராட்சிச் சட்டம் போட்டு, காக்க வேண்டிய மையப் பகுதிக்கும் அதைச் சுற்றிய வளையத்துக்கும் எல்லை வகுத்தார்கள். எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்பதற்கு விதிகள் வந்தன. காலே கிரிசோலோகோ என்ற பழைய தெருவில் மோட்டார் வாகனம் கூடாது, கலேசா என்ற குதிரை வண்டியும் நடப்பவர்களும் மட்டும். 2010-ல் யுனெஸ்கோவும் நகராட்சியும் சேர்ந்து வீட்டுக்காரர்களுக்கென்றே ஒரு பராமரிப்புக் கையேடு வெளியிட்டார்கள். பாரம்பரிய இடத்தை நல்லபடியாக நிர்வகிப்பதற்கு முன்மாதிரி என்று 2012-ல் யுனெஸ்கோ விகானைத் தேர்ந்தெடுத்தது. நாட்டளவிலும் 2010-ல் ஒரு சட்டம் வந்தது. ஐம்பது வயது தாண்டிய கட்டடத்தை முக்கியப் பண்பாட்டுச் சொத்தாகக் கருதி, அனுமதி இல்லாமல் இடிக்கக் கூடாது என்கிறது அது.

அந்தக் கையேடு வந்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஏன் என்றால் விகான் வீடுகள் அரசாங்கத்துடையவை இல்லை, குடும்பங்களுடையவை. கியூபாவின் தலைநகர் ஹவானாவை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஹவானா 1982-லேயே பட்டியலில் வந்துவிட்டது. அங்கே 1993-ல் நகர வரலாற்று அலுவலகத்துக்கே ஓட்டலும் கடையும் நடத்த அதிகாரம் கொடுத்து, அதில் வந்த பணத்தில் வீடுகளைச் செப்பனிட்டார்கள். அரசு கையில் இருந்ததால் அது நடந்தது. விகானில் அந்த வழி இல்லை. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் பணத்தில், தன் முடிவில், சரியான பொருளை வாங்கிச் சரியாகச் செய்தால்தான் தெரு நிற்கும்.

இங்கேதான் முதல் பெரிய சிக்கல், வாரிசு. தாத்தா கட்டிய வீடு, மூன்று தலைமுறை கழித்து இருபது பேருக்குப் பங்கு. நான்கு பேர் மணிலாவில், ஆறு பேர் ஹவாயிலும் கலிபோர்னியாவிலும். ஓடு மாற்ற வேண்டும் என்றால் யார் பணம் போடுவது? விற்பதென்றால் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். இழுபறி நடந்துகொண்டிருக்கும்போதே மூன்று மழைக்காலம் போய்விடும். கூரையில் ஒரு ஓடு நழுவினால் முதல் வருடம் நனைவது விட்டத்தின் முனை. இரண்டாம் வருடம் முனை மக்கும், மூன்றாம் வருடம் கரையான். வீடு விழுவது பூகம்பத்தில் என்று நாளிதழில் வரும், ஆனால் அது விழத் தொடங்கியது அந்த ஓட்டில்.

இரண்டாவது சிக்கல் சிமெண்ட். இதில்தான் எனக்குக் கோபமே வரும், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

விகான் செங்கல் மென்மையானது. அடியில் இருந்து ஈரத்தை உறிஞ்சும். அதைச் சுண்ணாம்புக் காரையால் கட்டி, மேலே சுண்ணாம்பே பூசினார்கள். அந்தப் பூச்சுக்கு அங்கே பாலிதாதா என்று பெயர். சுண்ணாம்பு மூச்சு விடும். சுவருக்குள் ஏறிய ஈரம் பூச்சு வழியாக ஆவியாகிப் போய்விடும். ஈரத்தோடு வரும் உப்பு பூச்சில் வந்து படியும், பூச்சு உதிரும், சில வருடத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுவீர்கள். பூச்சு தேய்வதற்காகவே இருக்கிறது, செங்கல் தேயாமல் இருப்பதற்காக. அதன் மேல் சிமெண்ட் பூசினால் என்ன ஆகும்? முதல் இரண்டு வருடம் மழமழவென்று அழகாக இருக்கும். ஈரம் வெளியே போக வழியில்லாமல் சுவருக்குள்ளேயே மேலே ஏறும். உப்பு சிமெண்டுக்குப் பின்னால் படிகமாகி, செங்கலையே உடைக்கும். நான் ஒரு வீட்டில் அப்படி ஒரு சிமெண்ட் ஒட்டைத் தட்டிப் பார்த்தேன். பானையைத் தட்டியது போல வெற்றுச் சத்தம். ஓரத்தில் இருந்த விரிசலில் விரலை விட்டால், பின்னால் செங்கல் இல்லை, செந்தூள். காப்பித்தூள் மாதிரி கையோடு வந்தது. சுவரின் வெளித்தோல் மட்டும் நேராக நிற்கிறது, உள்ளே இரண்டு விரற்கடை காணோம்.

இதற்கு நேர் எதிரான தப்பும் நடக்கிறது. பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, செங்கல் தெரிகிற மாதிரி விட்டுவிடுவது. "பழமையான தோற்றம்" என்று பயணிகளுக்குப் பிடிக்கிறது, படம் எடுக்கிறார்கள். அந்தச் செங்கல் வெளியே தெரிவதற்காகச் சுட்டது இல்லை. சட்டை இல்லாமல் மழையில் நிறுத்திய கதைதான். இலோகோஸில் ஆடி, ஆவணி மாதம் சூறாவளி மழை எப்படிப் பெய்யும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சரியான வேலை மெதுவானது. சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் தாளித்து, மாதக் கணக்கில் ஊறவிட வேண்டும். ஊற ஊற வெண்ணெய் மாதிரி வரும். மணலோடு சேர்த்து அடித்து, மெல்லிய பூச்சாக ஒன்றன் மேல் ஒன்றாகப் போட வேண்டும். ஒவ்வொன்றும் வெயிலில் சடாரென்று காய்ந்துவிடாமல் ஈரத்துணி போட்டுக் காக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றை உண்டுதான் கல்லாகிறது, அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். மூன்று நாளில் முடித்துத் தருகிறேன் என்று ஒரு கொத்தனார் சொன்னால், அவர் கையில் சிமெண்ட் இருக்கிறது என்று அர்த்தம். சுண்ணாம்பு தெரிந்த கை குறைந்துவிட்டதால் மணிலாவில் எஸ்குவேலா தாயெர் என்ற பயிற்சிக்கூடத்தை ஸ்பானிய உதவியோடு 2009-ல் தொடங்கினார்கள். வசதியில்லாத இளைஞர்களுக்கு இந்தச் சுண்ணாம்பு, மரம், கல் வேலைகளைக் கற்றுக்கொடுக்கிறார்கள். எத்தனை சட்டம் போட்டாலும் இந்தக் கைகள் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது.

மூன்றாவது மரம். இதற்கு எளிய விடை கிடையாது. அந்த வீடுகளின் தரைப்பலகை நாரா, நம் வேங்கையின் நெருங்கிய உறவு. தூணுக்கு மொலாவே, நொச்சி இனத்து மரம்தான், ஆனால் இரும்பு மாதிரி. சில கூடங்களில் ஒரு பலகையே சுவரில் இருந்து சுவர் வரை ஒட்டில்லாமல் போகும், அகலமும் ஒரு முழத்துக்குக் குறையாது. அப்படிப்பட்ட மரம் இன்று காட்டில் இல்லை. இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதை 2011-ல் அரசு நாடு முழுக்க நிறுத்திவிட்டது, நிறுத்தியதும் நியாயம்தான். அப்போது மக்கிய பலகையை எதைக் கொண்டு மாற்றுவது? எங்கேயோ இடித்த இன்னொரு பழைய வீட்டின் மரத்தைத்தான் வாங்குகிறார்கள். ஒரு வீட்டைக் காப்பாற்ற இன்னொரு வீட்டின் எலும்பு. பழைய மரத்துக்கு நல்ல விலை இருப்பதாலேயே, நிற்கக்கூடிய வீட்டையும் பிரித்து விற்கலாம் என்ற ஆசை வாரிசுகளுக்கு வருகிறது.

இதன் நீட்சியாகத்தான் வீட்டையே பெயர்த்து வேறிடத்தில் நடுவதையும் பார்க்க வேண்டும். பத்தான் மாகாணத்தில் பாகாக் என்ற ஊரில், கடலோரத்தில், நாட்டின் பல மூலைகளில் இருந்து பழைய வீடுகளைக் கழற்றிக் கொண்டுவந்து மறுபடி பொருத்தி ஒரு விடுதி நடத்துகிறார்கள். அழிந்து போயிருக்க வேண்டிய சில வீடுகள் அங்கே பிழைத்தன, அதை மறுக்க முடியாது. ஆனாலும் எனக்கு அது கடைசி வழியாகத்தான் படுகிறது. வீடு தன் தெருவில் இருக்கும்போதுதான் அதன் சன்னல் ஏன் அந்தத் திசையில் இருக்கிறது, கதவு ஏன் அத்தனை உயரம் என்பதெல்லாம் புரியும். பெயர்த்துப் போன இடத்தில் அது அழகான பொருள். விட்டு வந்த தெருவில் பல் விழுந்த மாதிரி ஓர் இடைவெளி.

பூகம்பத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2022 ஜூலை 27 காலை, பக்கத்து அப்ரா மாகாணத்தில் 7.0 அளவுக்கு நிலம் குலுங்கியது. விகானில் பல பழைய வீடுகளின் சுவர் பிளந்தது, காலே கிரிசோலோகோவில் செங்கல் சரிந்து தெருவில் விழுந்தது. பக்கத்து பந்தாய் ஊரில் இருக்கும் பழைய மணிக்கோபுரத்தின் ஒரு பகுதி இடிந்தது. மணிலாப் பக்கத்துப் பஹாய் நா பாத்தோவில் மேல்தளம் இலேசான மரம், தூண்கள் தரையில் இருந்து கூரை வரை தனியாக நின்று பாரம் தாங்கும், கீழ்ச்சுவர் வெறும் போர்வை மாதிரி. அதனால் குலுங்கினால் மரம் வளைந்து கொடுக்கும். விகானில் பல வீடுகளுக்கு மேல்தளமும் கனத்த செங்கல் சுவர்தான். உறுதி, நெருப்புக்கும் பயமில்லை, ஆனால் உயரத்தில் எடை. அந்தச் சுவருக்குள் இருக்கும் மரத்தூண் நல்ல நிலையில் இருந்தால் பிடித்துக்கொள்ளும். சிமெண்டுக்குப் பின்னால் ஈரம் தங்கி மக்கியிருந்தால் பிடிக்க எதுவும் இல்லை. அதனால்தான் பூச்சு, ஓடு, கரையான் என்று சின்ன விஷயமாகத் தெரிவதையெல்லாம் இவ்வளவு நேரம் சொன்னேன்.

இனி, கேள்வியின் கடைசிப் பகுதி. வெளித்தோற்றம் மட்டும்தானா? சில வீடுகளில் ஆம். சட்டம் தெருமுகத்தைத்தான் எளிதாகப் பார்க்க முடியும், உள்ளே போய்ப் பார்ப்பது கடினம். கீழே நினைவுப்பொருள் கடை, மரப் பொம்மை, ஆபெல் என்ற உள்ளூர் நெசவுத் துணி, கலகலவென்று கூட்டம், மேல்தளம் பூட்டிக் கிடக்கும். சதுக்கத்தில் துரித உணவுக் கடை ஒன்றும் புதிதாகக் கட்டிப் பழைய வீடு மாதிரி முகம் வைத்திருக்கிறது. உயரமும் கூரைச் சாய்வும் பக்கத்து வீடுகளோடு ஒத்துப்போவதால் எனக்கு அதில் பெரிய மறுப்பு இல்லை, புதியது என்று தெரிந்தே இருக்கிறது. எனக்குக் கவலை அந்தப் பூட்டிய மேல்தளங்கள்தான். ஆள் இருக்கிற வீட்டில் ஒழுகல் அன்றைக்கே தெரியும், பாத்திரம் வைப்பார்கள், மறுநாள் ஓடு மாற்றுவார்கள். ஆள் இல்லாத வீட்டில் கீழ்க்கடைக் கூரையில் கறை தெரிகிறபோதுதான் தெரியும். அதனால், மேல்தளத்தைத் தங்கும் விடுதியாக்குவதை நான் ஆதரிக்கிறேன். குளியலறைக் குழாயைச் செங்கல் சுவரைக் குடைந்து கொண்டுபோகாமல், தனிப் பலகைத் தடுப்பில் கொண்டுபோனால் போதும், நாளைக்கு வேண்டாம் என்றால் சுவரைத் தொடாமல் எடுத்துவிடலாம். குடும்பமே குடியிருந்தால் அதைவிட நல்லது, ஆனால் ஒரு ஊரை அப்படிக் கட்டாயப்படுத்த முடியாது.

நான் தங்கிய வீட்டில் எழுபது தாண்டிய ஓர் அம்மா. அந்த ஊரில் மூத்த பெண்களை மனாங், அதாவது அக்கா, என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். தினமும் சாயங்காலம் கூடத்தின் காபிஸ் சட்டங்களை ஒவ்வொன்றாக இழுத்து மூடுவார். காடியில் மெழுகுவத்தித் துண்டைத் தேய்த்து வைத்திருந்தார், சட்டம் சத்தமில்லாமல் ஓடும். ஒரு சட்டம் மட்டும் நடுவில் சிக்கியது. "மழைக்காலம் வந்தால் இது இப்படித்தான், அக்கா?" என்று கேட்டேன். இல்லை, மேல் விட்டம் ஓர் இழை இறங்கியிருக்கிறது, அதைத்தான் இது சொல்கிறது, தச்சரை வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன் என்றார்.